கொரியக் குடியரசின் (தென்கொரியாவின்) ஜனாதிபதிக்கு: முதலில் தபாலைத் திறக்கக் கேளுங்கள்

மேதகு ஜனாதிபதி லீ ஜே மியுங் அவர்களுக்கு,

இலங்கையின் மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதும் மடல் இது. எங்கள் லயங்களிலிருந்து கொரிய மொழிப் பரீட்சை எழுதி உங்கள் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் எல்லையில் பதற்றம் என்று செய்தி வரும் நாட்களில் இங்கேயும் தாய்மார் உறங்குவதில்லை. அந்த உறவை வைத்தே இதை எழுதத் துணிகிறேன்.

2025 ஜூன் 4ஆம் திகதி பதவியேற்ற நீங்கள், ஒரு வாரத்துக்குள் வடகொரியாவை நோக்கிப் பிரசாரம் ஒலித்த எல்லையோர ஒலிபெருக்கிகளை நிறுத்தினீர்கள். ஓகஸ்ட் 15 உரையில், வடகொரியாவின் ஆட்சிமுறையை மதிப்பதாகவும், எல்லைப் பதற்றத்தைக் குறைக்க இரு கொரியாக்களும் செய்துகொண்ட 2018 செப்டெம்பர் 19 இராணுவ உடன்பாட்டைப் படிப்படியாக மீட்பதாகவும் அறிவித்தீர்கள். ஆனால் அந்த உரைக்கு முன்பே, ஜூலை இறுதியில், சியோலோடு பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னின் தங்கை கிம் யோ ஜொங் கூறிவிட்டார்.

இரு கொரியத் தலைவர்களின் உச்சி மாநாடொன்று அண்மையில் கூடும் என்று நான் நம்பவில்லை. 2000இலும் 2007இலும் 2018இலும் வடக்குக்குத் தெற்கிடமிருந்து பெறவேண்டியவை இருந்தன. இன்றோ அதன் கையில் அணுவாயுதமும், 2024 ஜூனில் ரஷ்யாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையும் இருக்கின்றன. 2020இல் வடக்கின் கேசொங் நகரிலிருந்த இரு கொரியத் தொடர்பு அலுவலகத்தைத் தகர்த்தார்கள். 2024இல் தெற்கோடு இணைத்த வீதிகளை வெடிவைத்து உடைத்தார்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் உங்கள் தரப்பு எடுக்கும் தொலைபேசி அழைப்புக்குக்கூட அவர்கள் பதில் சொல்வதில்லை.

எனினும் 2023 இறுதியில் கிம் ஜொங் உன் சொன்ன ஒரு சொல்லிலேயே ஒரு வழி இருப்பதாக எனக்குப் படுகிறது. இனி இவை ஓரினத்தின் இரு பாதிகள் அல்ல, ஒன்றுக்கொன்று பகையான இரு நாடுகள் என்றார் அவர். உங்கள் அரசியலமைப்பு முழுத் தீபகற்பத்தையும் ஒரே நாடாகக் கொள்வதால் நீங்கள் அதை ஏற்க முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஏற்க வேண்டாம், ஆனால், தனி நாடு என்று சொல்பவரிடம் தனி நாடுகளுக்கிடையே வழக்கமாக உள்ளதைக் கேட்கலாம் அல்லவா? வேறு வேறு நாடுகளுக்கிடையே தபால் போகும், வரும்.

இதை என் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் சனங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒதுக்கிவைத்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. என் பெரியம்மா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குடியேறினார். அம்மா இங்கேயே இருந்தார். இருவரும் மறுபடி சந்திக்கவேயில்லை. ஆனால் கடிதம் வந்தது. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தப்பால் பை வரும். நீல ஏரோகிராமின் மடிப்போரம் வரை நுணுக்கி எழுதியிருப்பார்கள் என்பதால் எழுத்துக் கிழியாமல் கத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும். பெரியம்மா இறந்த செய்தி கருமாதியும் முடிந்த பிறகே எங்களுக்குக் கிடைத்தது. அம்மா அன்று தலைமுழுகினார். திதி தெரிந்ததால் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் படையல் வைத்தார்.

இந்தியாவும் இலங்கையும் பகை நாடுகளாக இருக்கவில்லை. உங்கள் நிலைமை எங்களுடையதைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. ஆனால் உங்கள் நாட்டில், வடக்கில் விட்டுவந்த தாய் தந்தையர் இறந்த நாள் தெரியாததால் அவர்களுடைய பிறந்த நாளில் நினைவுச் சடங்கு செய்கிற முதியவர்கள் உண்டு என்று வாசித்தபோது, என்னால் அன்றைய பத்திரிகையை மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. வடக்கிலுள்ள சொந்தங்களைத் தேடி 1988 முதல் உங்கள் அரசிடம் பதிந்துகொண்ட 130,000இற்கும் அதிகமானோரில் இன்று உயிரோடிருப்பவர்கள் 40,000 பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். வடக்கிலுள்ள கும்காங் மலையில் நடந்த, பிரிந்த குடும்பங்களின் சந்திப்புகள் 2018 ஓகஸ்டோடு நின்றுவிட்டன. மூன்று நாளில் சுமார் பன்னிரண்டு மணித்தியாலம் என்ற அந்த ஏற்பாடும் இப்போது இல்லை. 2025 தொடக்கத்தில் சந்திப்பு மண்டபத்தையே வடக்கு இடிக்கத் தொடங்கியது.

ஆகவே சந்திப்பைக் கேட்காதீர்கள். அதற்கு மண்டபம் வேண்டும், பேருந்து வேண்டும், இரு தலைவர்களின் மனமும் வேண்டும். உயிரோடிருக்கிறாரா, இல்லையென்றால் எந்த நாளில் போனார் என்ற செய்தியையும், ஒரு கடிதத்தையும் மட்டும் கேளுங்கள். 2001 மார்ச்சில் இரு பக்கமும் முந்நூறு முந்நூறு கடிதங்களைப் பரிமாறிக்கொண்டதால் இது நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. அணுவாயுதப் பேச்சோடும் கூட்டு இராணுவப் பயிற்சியோடும் இதைச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். சேர்த்தால் அவை நிற்கும் இடத்தில் இதுவும் நின்றுபோகும். முதல் தடவை மறுப்பார்கள், இரண்டாம் தடவையும் மறுக்கலாம். அதற்காகக் கோபித்து மீண்டும் ஒலிபெருக்கியைக் கட்டச் சொல்வோருக்குச் செவிசாய்க்க வேண்டாம்.

வடக்கிலுள்ள சொந்தங்களுக்கென்று உங்கள் முதியவர்கள் பேசிப் பதிந்துவைத்த ஆயிரக்கணக்கான காணொளிக் கடிதங்கள் போய்ச் சேராமல் உங்கள் அரசிடமே இருக்கின்றன. அவற்றை எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று வடகொரியத் தலைநகர் பியொங்யாங்கிடம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புமாறு தங்களைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன்,
பொகவந்தலாவை.