லஞ்ச் வரைக்கும் பார்க்கலாம், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, இந்த 2025-26 சீசனின் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் அட்டவணை வந்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் பேப்பரிலிருந்து நிமிராமலே, "இனிமே அது எனக்கு வேண்டாம்பா" என்றீர்கள். அத்தை காபி கொண்டுவந்தார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நேரில் உங்களிடம் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1988இல், சேப்பாக்கத்துக்கு நடந்தே போய் ரயில்வேஸ் அணியுடனான இறுதிப் போட்டியைப் பார்த்த கதையைச் சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்பேன். தமிழ்நாடு 709 ரன்கள். இன்னிங்ஸ், 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி. வாசுதேவன் கேப்டன். 1955இல் ஹோல்கர் அணியை இந்தூரிலேயே ஜெயித்ததற்குப் பிறகு நமக்குக் கிடைத்த இரண்டாவது கோப்பை அது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

நடுவில் எத்தனை இறுதிப் போட்டிகள்! 1992இல் டெல்லியிடம், 1996இல் கர்நாடகாவிடம், 2003லும் 2004லும் மும்பையிடம், 2012இல் ராஜஸ்தானிடம், 2015இல் மறுபடியும் கர்நாடகாவிடம். ஆறு முறை கடைசிப் படி வரை ஏறி இறங்கியிருக்கிறோம்.

இதில் 2012 எனக்கு மறக்காது. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு உங்களோடு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். சேப்பாக்கம், சொந்த மைதானம், எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன். அவர்கள் முதலில் ஆடினார்கள். ஆடினார்கள், ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். வினீத் சக்சேனா மட்டும் 257. மூன்றாம் நாளும் அவர்களே பேட்டிங். 621 ரன்கள். போட்டி டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த அணிக்குத்தான் கோப்பை என்ற விதியை எனக்கு அன்றுதான் முழுசாகப் புரியவைத்தீர்கள். நாம் 295க்கு ஆல் அவுட். அதன் பிறகும் ஆட்டம் நடந்தது, ஆனால் முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேலரியில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். நீங்கள் அசையவில்லை. "நம்ம பசங்க ஆடறாங்க, நாம எந்திரிச்சுப் போறதா?" என்றீர்கள்.

அந்த ஐந்து நாளும் காலையில் நீங்கள் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "லஞ்ச் வரைக்கும் பார்க்கலாம்." லஞ்ச் முடிந்ததும், "டீ வரைக்கும் பார்க்கலாம்." கோப்பை என்ற சொல்லை வாயில் எடுக்கவே விடமாட்டீர்கள். நம்பிக்கையைக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது எப்படி என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இன்று வரை எனக்கு வேறு மாதிரி மேட்ச் பார்க்கத் தெரியாது.

உங்கள் மனசு விட்டுப்போனது 2024இல் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் நீங்களே உங்கள் விதியை மீறினீர்கள். ஜனவரியில் நம் ஊரிலேயே ஜெகதீசன் சண்டிகருக்கு எதிராக 321 அடித்ததைச் சேர்ந்து பார்த்தோம். கோயம்புத்தூர்ப் பையன், கோயம்புத்தூர் மைதானம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். பிப்ரவரியில் அதே மைதானத்தில் காலிறுதி. நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவை மூன்றே நாளில் முடித்தோம். சாய் கிஷோர் ஒன்பது விக்கெட் எடுத்து, மூன்றாவது ஆளாக இறங்கி 60 ரன்னும் அடித்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு அரையிறுதி. வண்டியில் திரும்பி வரும்போது, "இந்தத் தடவை வந்துரும்" என்றீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு உள்ளே கொஞ்சம் திக்கென்றது.

மும்பையில் நடந்த அந்த அரையிறுதியில் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து 146க்கு விழுந்தோம். அப்புறமும் மும்பையை 106க்கு ஏழு விக்கெட் என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள் நம் பசங்க. சாய் கிஷோருக்கு ஆறு விக்கெட். அந்த இடத்திலிருந்து ஷர்துல் தாக்கூர் சதம் அடித்தார், தனுஷ் கோட்டியான் 89 ரன்னில் ஆட்டமிழக்காமல் நின்றார், 378 ஆகிவிட்டது. மூன்றாம் நாளே இன்னிங்ஸ் தோல்வி. டாஸ் முடிவு தப்பு என்று பயிற்சியாளரே வெளியில் சொன்னார், நீங்களும் அதையே சொன்னீர்கள். நான் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த சீசனில் நாட்டிலேயே அதிக விக்கெட், 53, எடுத்தவர் நம் கேப்டன் சாய் கிஷோர்தான். ஏழு வருடம் எட்டாத இடத்துக்கு அணியை அழைத்துப் போனவர். ஒரு காலைப் பொழுதை வைத்து அவரை எடை போடுவது நியாயமில்லை, மாமா.

அடுத்த வருடம் நாக்பூர் காலிறுதியை நீங்கள் பார்க்கவே இல்லை. நான் தனியாகப் பார்த்தேன். 2015 இறுதிப் போட்டியில் கர்நாடகாவுக்காக நமக்கு எதிராக 328 அடித்த கருண் நாயர், இந்த முறை விதர்பா சட்டையில் வந்து 122 அடித்தார். 198 ரன்னில் தோல்வி. உங்களுக்கு போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டேன்.

ஆனால் அந்த சீசனில் நீங்கள் தவறவிட்ட ஒன்று உண்டு. ஆந்த்ரே சித்தார்த். அப்போது பதினெட்டு வயது. நமக்காக எத்தனையோ வருடம் ஆடிய சரத் இருக்கிறாரே, அவர் குடும்பத்துப் பையன். முதல் சீசனிலேயே 600 ரன்களுக்கு மேல். சேலத்தில் முதல் சதம். பந்தை உடம்புக்குப் பக்கத்தில் வரவிட்டு, அவசரப்படாமல் ஆடுகிறான். முன்வரிசை சரிந்த பிறகு இறங்கி நிற்கத் தெரிந்த பையன். 2024இல் அந்த முதல் நாள் காலை நமக்கு இல்லாமல் போனது அப்படி ஒரு ஆள்தான்.

கஷ்டங்கள் எனக்கும் தெரியாமல் இல்லை. வாஷிங்டன் சுந்தரும் சாய் சுதர்சனும் பெரும்பாலும் இந்திய அணியோடு இருப்பார்கள். நல்லபடியாக ஆடினால் நம்மை விட்டுப் போய்விடுவார்கள். அதற்குச் சந்தோஷப்படவும் வேண்டும். நம் சுழலுக்கு ஏற்ற ஆடுகளத்தில் ஜெயித்துவிட்டு, புல் விட்ட ஆடுகளத்துக்குப் போனால் தடுமாறுகிறோம். இருபது ஓவர் கோப்பையை 2021 ஜனவரியிலும் நவம்பரிலும் வாங்கினோம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டியபோது ஷாருக் கான் சிக்ஸ் அடித்ததற்கு நீங்களும்தான் துள்ளினீர்கள். ஆனாலும் ராத்திரி, "நாலு நாள் ஆட்டத்துல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தீர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அதனால் கோப்பை வரும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. அக்டோபரில் முதல் போட்டி நம் ஊரில், ஜார்க்கண்டுடன். போன சீசனில் ஜாம்ஷெட்பூரில் நம்மைத் தோற்கடித்தவர்கள். ஜெகதீசன் ஆடிய அதே கல்லூரி மைதானம், நவ இந்தியா பகுதியில். ஒன்பதரைக்கு முதல் பந்து.

எட்டே முக்காலுக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். அத்தையிடம் தயிர்சாதம் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருக்கு. தொப்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் லஞ்சோடு கிளம்பிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்