டிவி பக்கத்தில் ஒரு பந்து

விகாஸ்புரி, புது டெல்லி
சனிக்கிழமை இரவு

சேகரா,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டி முடித்துவிட்டு மேலே படி. தங்கச்சி கொடுத்துவிட்ட கருவாடு பத்திரமாக வந்தது, கொண்டுவந்த பையனை வழியெல்லாம் ரயிலில் முறைத்தார்களாம். என் சர்க்கரை அளவைக் கேட்காதே.

எழுதக் காரணம், என் வீட்டு டிவி பக்கத்தில் மூன்று நாளாக ஒரு பிரம்புப் பந்து உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது இல்லை.

எங்கள் பக்கம் பர்மாவிலிருந்து அகதியாக வந்த சின் ஜனங்கள் நிறைய இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, மிசோரம் எல்லைக்கு அந்தப் பக்கத்து மலைக்காரர்கள். டாக்டர் உத்தரவுப்படி நான் காலையில் பார்க்கைச் சுற்றி நொண்டும்போது, மூலையில் ஆறு பேர் வட்டமாக நின்று இந்தப் பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டிருப்பார்கள். முட்டி, குதிகால், சிலசமயம் முதுகுக்குப் பின்னால் மடக்கிய உள்ளங்கால். டக், டக் என்று காய்ந்த பிரம்புச் சத்தம். கை படக்கூடாது, பந்து விழக்கூடாது, அவ்வளவுதான். சின்லோன் என்று பெயர். சின் ஆட்கள் ஆடுவதால் அந்தப் பெயர் என்று நானாக ஒரு ஆராய்ச்சி வைத்திருந்தேன், சொன்னால் சிரிக்கிறார்கள், பர்மா முழுக்க ஆடுவதாம். எதிரணி கிடையாது, தோற்பவனும் கிடையாது. பி.டி. மாஸ்டரான உனக்கு இது ஆட்டமாகவே தோன்றாது.

அவர்களோடு ஒரு பெண் வருவாள், ஹிந்தி பேசுவாள். பந்து ஆடமாட்டாள், ஓடுவாள். எதற்கு இப்படி ஓடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். ராத்திரி படுத்தால் யாரோ கதவைத் தட்டப்போவதுபோல நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுமாம். ஓடும்போதும் அதே படபடப்புதான், ஆனால் ஏன் என்று தெரியும், நின்றால் அடங்கும் என்றும் தெரியும். சில மாதம் பழகிய பிறகு ராத்திரி வருகிற படபடப்பைக் கண்டு முன்போல நடுங்குவதில்லையாம். இதை எந்த டாக்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

போர் நடந்த இடங்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது மனநோய் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்குச் சொன்னது. ஓடினால் எல்லாம் குணமாகிவிடும் என்பவனை நான் நம்பமாட்டேன், மருந்தும் பேச்சு சிகிச்சையும் வேண்டியவர்களுக்கு வேண்டும்தான். ஆனால் எந்தப் பாஷையில் பேசுவது? சின் என்று பேர்தான் ஒன்று, ஹாக்கா, ஃபாலம், தெதிம் என்று ஆளுக்கொரு மொழி. அப்புறம் அந்தக் காத்திருப்பு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. கையில் ஐ.நா. அட்டை ஒன்று, அதை வைத்து முறையான வேலைக்குப் போக முடியாது, வேறு நாடு கூப்பிடுமா என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவனுக்குக் காலை ஐந்தரைக்கு இந்த மூலையில் இருக்கவேண்டும் என்று ஒன்று இருப்பது சின்ன விஷயமா?

நீ அனுப்பிய சிண்டி ங்கம்பா வீடியோவும் பார்த்தேன். 2016-ல் தொடங்கிய அகதிகள் அணிக்கு 2024 பாரிஸில்தான் முதல் ஒலிம்பிக் பதக்கம், குத்துச்சண்டையில் அவள் வாங்கிய வெண்கலம். சந்தோஷம்தான், ஆனால் பதக்கம் இருந்தால்தான் உனக்குக் கண் தெரியும். எனக்கு இலங்கை அகதிகள் இருந்த மண்டபம் கேம்ப்தான் ஞாபகம் வந்தது. 84-ல் அந்த கேம்ப் பையன் நம் வாலிபால் டீமுக்கு லிஃப்டராக ஆட வந்தானே, மாதக்கணக்கில் வாயே திறக்காமல். நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவும் இல்லை. மணல் தரை, கிழிந்த மீன்வலை, சாயங்காலம் ஐந்து மணி. ஒருநாள் நீ குறுக்கே பாய்ந்தபோது "விடு, என்ர பந்து!" என்று கத்தினான் பார், நீ மிரண்டு வலையோடு விழுந்தாய். அன்றைக்கு ராத்திரி அவன் அம்மா நமக்குப் பிட்டு கொடுத்தனுப்பினார்களே, ஏன் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சரி, பந்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் பொருளாளர், சிரிக்காதே. புதன்கிழமை கூட்டத்தில் பூச்செடி கெடுகிறது, வெளியாட்கள் கூடுகிறார்கள் என்று பேசி, பார்க்கில் விளையாடத் தடை என்று தீர்மானம் போட்டார்கள். நானும் கை தூக்கினேன்டா. யாரும் வற்புறுத்தவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, எல்லோரும் தூக்கினார்கள், தூக்கினேன். மறுநாள் காலையில் செயலாளர் வாட்ச்மேனை விட்டுப் பந்தைப் பிடுங்கி, "பொருளாளர் வசம்" என்று என் கையில் கொடுத்துவிட்டார். பையன்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

நாளைக் காலையில் பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். தீர்மானத்தை மாற்றச் சொல்லி ஒரு மனுவும் எழுதவேண்டும், அதற்குத்தான் நீ வேண்டும். ஆறு பேருக்கு 22 அடி வட்டம் போதுமாம். பூச்செடிக்குத் தள்ளி சுண்ணாம்புக் கோடு, நேரம், பொறுப்பு என்று பள்ளிக்கூட மைதானத்துக்கு நீ எழுதுவாயே, அந்தத் தோரணையில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. இங்கிலீஷில் எழுது, இவர்களுக்கு அப்போதுதான் மரியாதை வரும்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் பந்தை எடுத்துப்போய்த் தட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு. மூன்றாவதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. துணி எடுக்க வந்த உன் அக்கா பார்த்துவிட்டு, முட்டிக்குத் தைலம் இல்லை, சொல்லிவிட்டேன் என்றாள்.

ராஜு