செயலி காட்டிய பாதையும் விடுபட்ட பெயர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி இசைச் செயலிகள் கேட்பவரின் ரசனையை மழுங்கடித்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க வைக்கின்றன என்று அண்மைக் காலமாகப் பலரும் எழுதி வருகிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருந்தாலும், அவரவர் விருப்பத்தை அறிந்து பாடல்களை எடுத்துத் தரும் இந்த ஏற்பாட்டினால் எனக்குக் கிடைத்த அனுபவம் அதற்கு நேர்மாறானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சபாக்கள் இல்லாத சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்குக் கர்நாடக இசை என்பது வானொலி நிலையத்தார் தேர்ந்து ஒலிபரப்பியதும், பக்கத்து நகரத்துக் கடைக்காரர் விலைபோகும் என்று நம்பி வாங்கி வைத்த கேசட்டுகளும்தான். எம்.எஸ்.சுப்புலட்சுமியும் மதுரை மணி ஐயரும் அந்த வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அவர்களைக் கொண்டு சேர்த்த வானொலிக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்த வழியே வந்து சேராத மேதைகள் எத்தனை பேர் என்பது செயலியில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில மாதங்கள் வீணைப் பதிவுகளையும், மெதுவான நடையில் பாடப்படும் விளம்ப காலக் கீர்த்தனைகளையுமே விரும்பிக் கேட்டு வந்தபோது, செயலி தானாகத் தொகுத்து வைத்த பட்டியல் ஒன்றில் எம்.டி.ராமநாதன் வந்தார். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர், 1984இல் மறைந்தவர் என்பதெல்லாம் பிறகு படித்து அறிந்தவை. முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை, வேறு எவரிடமும் கேட்டிராத அந்தக் கீழ்ச்சுருதிக் குரலும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ராகம் தங்குவதற்கு அவர் கொடுக்கும் அவகாசமும்தான். அவரை விடாமல் கேட்டதன் தொடர்ச்சியாக டி.பிருந்தா பாடிய, க்ஷேத்ரக்ஞர் இயற்றிய பதங்கள் என்னும் பாடல்கள் வந்தன. அந்தப் பதங்களை அடுத்து டி.விஸ்வநாதனின் புல்லாங்குழல் வந்தது. பிருந்தாவும் விஸ்வநாதனும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். இந்த உறவைக் கணினிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. ஒருவரைக் கேட்டவர்கள் மற்றவரையும் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்கள் நடந்த தடத்தைச் செயலி எனக்குக் காட்டியிருக்கிறது, அவ்வளவே. குரலில் கேட்ட அதே குழைவைக் குழலிலும் அடையாளம் கண்டுகொண்ட அந்த மாலையின் மகிழ்ச்சியை இசை ரசிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பரிந்துரைகள் உருவாகும் விதத்தை அறிந்தபோது என் மதிப்பு இன்னும் கூடியது. அமெரிக்காவின் பண்டோரா நிறுவனம் இசை கற்றவர்களை அமர்த்தி, ஒவ்வொரு பாடலையும் கேட்கச் செய்து, குரல், தாளம், வாத்தியம் என்று 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்து, அவற்றில் ஒத்துப்போகும் பாடல்களை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தது. ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் தொடங்கிய, திங்கள்தோறும் 30 பாடல்களைத் தரும் வாராந்திரப் பட்டியலோ, உலகெங்கும் உள்ள நேயர்கள் தாமே தொகுத்த பட்டியல்களில் எந்தெந்தப் பாடல்கள் சேர்ந்து இடம்பெறுகின்றன என்பதைப் பெரிதும் சார்ந்தது. முகமறியாத ரசிகர்கள் ஆசையோடு கோத்து வைத்தவைதான் நம்மை வந்து அடைகின்றன. ஆகவே, கேட்பவர் ஈடுபாட்டோடு தேடியும் சேமித்தும் பிடிக்காததை ஒதுக்கியும் வந்தால் பாதை விரியும். பின்னணியில் ஏதோ ஒலிக்கட்டும் என்று விட்டுவிட்டால் அது குறுகத்தான் செய்யும்.

எனக்குள்ள குறை வேறு. பெரும்பாலான கச்சேரிப் பதிவுகளில் பாடகரின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தையோ, மைசூர் சௌடையாவின் ஏழு தந்தி வயலினையோ தேடிச் செல்லும் ஒருவருக்கு, அவர்கள் வாசித்த கச்சேரிகளில் பலவும் அகப்படுவதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் பாட்டுக்குத் துணை நின்றே கழித்தவர்களின் கலை, பிறர் பெயரில்தானே பதிவாகியிருக்கும்? அந்தப் பெயர்கள் எழுதப்படாத வரை, எத்தனை நுட்பமான கணக்கு போட்டாலும் ஒரு மிருதங்க ரசிகருக்கு அடுத்து எதைத் தருவது என்று செயலியால் அறிய முடியாது. ராகம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஒரே கீர்த்தனையின் தலைப்பு ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருப்பதால், அதைக் கேட்டவர்களின் கணக்கும் சிதறிப்போகிறது. திரைப்பாடல்களில் பாடலாசிரியரின் பெயர் விடுபட்டுப்போவதும் எனக்கு இதே அளவு வருத்தம் தருவதுதான்.

இத்தனைக்கும் பழைய இசைத்தட்டுகளின் உறைகளிலும், கேசட்டுகளின் உள்தாள்களிலும் வயலின் யார், மிருதங்கம் யார், என்ன ராகம், என்ன தாளம் என்பதெல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. பதிவுகளை இணையத்துக்கு மாற்றியவர்கள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, உறையில் இருந்ததை விட்டுவிட்டார்கள். அந்த உறைகள் இன்றும் பல ரசிகர்களின் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.

பதிவுகளின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களும் செயலிகளை நடத்துவோரும் இந்த விவரங்களை முறையாகச் சேர்க்க வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன். விடுபட்ட பெயர்களை நேயர்களே சரிபார்த்து எழுதி அனுப்ப ஒரு வழி செய்து கொடுத்தால், பயன் எதுவும் எதிர்பாராமல் அந்த வேலையைச் செய்ய என்னைப் போன்றவர்கள் பலர் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.