யார்க்கில் இருக்கும் மகனுக்கு, கோஹிமாவிலிருந்து அம்மா

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். திமாப்பூரிலிருந்து மலையேறி வந்த பாதையில் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்ததும் சரியாகிவிட்டது. நாகாலாந்துக்குள் வர நீ எடுத்துக் கொடுத்த அனுமதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். போனில் எல்லாம் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியரின் 31ஆவது டிவிஷன், சாட்டோ என்ற தளபதியின் கீழ் பர்மாவிலிருந்து மலை தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படை. எதிர்த்து நின்ற பிரிட்டிஷ், இந்தியப் படையினரில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவுக்குத்தான். கோஹிமா விழுந்திருந்தால் அடுத்தது திமாப்பூர். ரயிலும் கிடங்கும் அங்கேதான் இருந்தன. ஒரு சின்ன மலை முகட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் இவர்கள் தாக்குப்பிடித்தார்கள். தண்ணீரைக்கூட அளந்து குடித்த நாட்கள் அவை. ஏப்ரல் 20 வாக்கில் மாற்றுப் படை வந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஜூன் 22 வரை ஓடியது.

அந்த முகடுதான் இப்போது கல்லறைத் தோட்டம். அங்கே ஆங்கிலேய துணை ஆணையரின் பங்களா இருந்தது, பக்கத்தில் ஒரு டென்னிஸ் மைதானம். அந்த மைதானத்தின் ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் அவர்கள். கையெறி குண்டை எறிந்தால் போய் விழும் தூரம், அவ்வளவுதான். பங்களா இடிந்து மண்ணாகிவிட்டது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளை சிமெண்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நடந்து பார்த்தேன். நம் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. இந்த இடத்துக்காக வாரக்கணக்கில் பிள்ளைகள் செத்தார்கள் என்பதை அங்கே நின்றபோது தாங்க முடியவில்லை.

இங்கே 1,420 கல்லறைகள். நிமிர்ந்த கல் கிடையாது. தாழ்வான சிறு பீடம், அதன்மேல் வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. கீழே, குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி. சிலவற்றில் அது இல்லை. அப்பா படைப்பிரிவுகளைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டார், நான் அந்த வரிகளில் நின்றுவிட்டேன். எங்கள் ஒரே பிள்ளை என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைப் போட்டிருக்கிறாள். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்று வயது. கூட வந்தவர்கள் கிளம்பலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்கு நகர மனம் வரவில்லை.

ஜான் ஹார்மன் என்ற பிள்ளையின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. 1944 ஏப்ரல் 9 அன்று தனி ஆளாக எதிரிக் குழியைப் பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்பி வரும்போது குண்டு பட்டு இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். வயது 29, உன் வயதுதான் கண்ணு. அவருடைய அப்பாவுக்கு லண்டி என்று சொந்தமாக ஒரு தீவே இருந்ததாம், உங்கள் இங்கிலாந்தின் மேற்குக் கடலோரத்தில். மகன் சின்ன வயதில் ஓடி விளையாடிய கல் குவாரியில் அவர் பெயருக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஹார்மன் கல்லறை எங்கே என்று கேட்கிறார்கள். அந்தக் குவாரிக்குப் போய்ப் பார்ப்பவர்கள் ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள். நீ என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் கட்டாயம் பார்.

அப்புறம் உச்சிக்கு ஏறினோம். தோட்டத்தின் மிக உயரமான இடத்தில் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவரவர் வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அங்கே வரிசையாகப் பொறித்திருக்கின்றன. கீழே டென்னிஸ் மைதானத்தோடு படம் எடுத்துக்கொண்டு பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இருந்த நேரத்தில் மேலே வேறு யாரும் வரவில்லை. பெயர் இருக்கிறது, மரியாதையாகவும் வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் அம்மா எழுதின வரி கிடையாது. பஞ்சாபிலோ கர்வாலிலோ இருந்த ஒருத்திக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும் இல்லையா? ஒவ்வொரு பெயராக முடிந்தவரை வாய்விட்டுப் படித்தேன். அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அதுகூட இல்லை. எங்களை அழைத்துப்போன டாக்ஸிக்காரப் பையன் அங்காமி நாகா. சண்டை நடந்தபோது அவனுடைய பாட்டி கைக்குழந்தையோடு காட்டில் ஒளிந்திருந்தாராம், திரும்பி வந்தபோது வீடு சாம்பல். காயம்பட்ட சிப்பாய்களை மலைச்சரிவில் தோளில் சுமந்து இறக்கியதும், குண்டுப் பெட்டிகளை மேலே தூக்கிக்கொண்டு போனதும், ஜப்பானியர் எங்கே இருக்கிறார்கள் என்று துப்பு சொன்னதும் இந்த ஜனங்கள்தான். தோட்டத்து வாசலருகே நிற்கும், இங்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷனின் நினைவுக்கல்லைக்கூட தங்கள் வழக்கப்படி கயிறு கட்டி இழுத்து வந்தது நாகாக்களே. உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம் என்ற பொருளில் அதில் எழுதியிருப்பதை உலகமே மேற்கோள் காட்டுகிறது. யாருடைய வீடுகள் எரிந்து அந்த நாளை கிடைத்தது என்று அதில் இல்லை. அந்த டிவிஷனில் இருந்த பழைய வீரர்கள் சிலருக்கு இது மனதில் உறுத்தியிருக்க வேண்டும். 2004இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி நாகா பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வருகிறார்கள். எனக்கு அது எந்தக் கல்லையும்விடப் பெரிய நினைவுச்சின்னமாகப் படுகிறது.

ஜப்பான் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசியும் குண்டும் வந்து சேரவில்லை. மேலிடம் பின்வாங்கக் கூடாது என்றது. மே மாதக் கடைசியில் சாட்டோ தானாகவே படையைத் திருப்பிக்கொண்டு போனார், அதற்காகப் பதவியும் பறிபோனது. திரும்பும் வழியில் மழையிலும் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். இங்கே அவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் இல்லை. அரதுரா குன்றில் இருக்கும் பெரிய தேவாலயத்தைக் கட்ட, இங்கே மாண்ட ஜப்பானியரின் குடும்பங்களும் பணம் அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மணிப்பூரின் மொய்ராங்கில் இருக்கும் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) நினைவிடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் நிறையப் பேர் அந்தப் படையில் இருந்தவர்கள் ஆயிற்றே. மணிப்பூர் நிலவரத்தை நினைத்து இந்தத் தடவை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். நீ இருக்கும் யார்க்கில், மின்ஸ்டர் தேவாலயத்தை ஒட்டி டீன்ஸ் பார்க் என்று ஒரு புல்வெளி இருக்கிறதாமே, அங்கே பழைய கல் வளைவுகளின் பக்கத்தில் கோஹிமாவில் இறந்த இரண்டாவது டிவிஷன்காரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நீ அந்தப் பக்கம் பலமுறை நடந்திருப்பாய். ஃபுல்ஃபோர்டில் இருக்கும் ராணுவ முகாமுக்கு இம்பால் பாரக்ஸ் என்றே பெயர். அதற்குள் கோஹிமா மியூசியம். ராணுவ இடம் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது. படம் மட்டும் அனுப்பினால் போதாது. நாகாக்களைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது, இந்தியச் சிப்பாய்களைப் பற்றி எவ்வளவு இருக்கிறது, பெயர் போட்டிருக்கிறார்களா என்று பொறுமையாகப் படித்துச் சொல். நான் இங்கே எடுத்த குறிப்புகளோடு சேர்த்து நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு ஆசிரியையிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

திங்கட்கிழமை ஊர் திரும்புகிறோம். வந்ததும் அப்பா உனக்குப் போன் செய்வார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா