அல் ஐனிலிருந்து பெரியப்பாவுக்கு

அல் ஐன்,
ஐக்கிய அரபு அமீரகம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். ஏரோப்பிளேன் விட்டு இந்த ஊரில் மழை வரவழைக்கிறார்களாமே, மார்ச்சில் ஏற்காட்டுக் காப்பிக்குப் பூ மழையை, அதாவது செடியைப் பூக்க வைக்கும் மழையை, அப்படிக் கொண்டுவர முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. ஏன் என்று எழுதுகிறேன்.

இங்கே வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் சராசரி மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். ஏற்காட்டில் நல்ல அக்டோபர் ஒன்றே அதைத் தாண்டிவிடும். குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல் தண்ணீர். ஊரை ஒட்டி ஜபல் ஹஃபீத் என்று 1,200 மீட்டருக்கு மேல் உயரமான மலை இருக்கிறது; நம் மலைப்பாதை போலவே வளைந்து ஏறலாம், ஆனால் உச்சி வரை மொட்டைப் பாறைதான். கோடையில் கடல் ஈரம் ஓமன் எல்லையிலுள்ள ஹஜர் மலைத்தொடரில் மோதி மேலே ஏறி, மதியத்துக்கு மேல் மேகமாகத் திரளும். அந்த மேகங்களுக்காகத்தான் அல் ஐன் விமான நிலையத்தில் கிங் ஏர் சி90 விமானங்கள் தயாராக நிற்கின்றன.

பற்றவைத்தால் உப்புத் துகளைப் புகையாக விடும் உப்புக் குழல்கள், இறக்கை ஒன்றுக்கு 24 வீதம் 48 மாட்டியிருக்கும். இப்படி மேகத்தில் துகள் தூவுவதைத்தான் விதைப்பு என்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, சோடியம் குளோரைடு. அபுதாபி வானிலை மையத்தில் ரேடாரைப் பார்ப்பவர் எந்த மேகம் என்று சொல்வார். விமானி அதன் உள்ளே போவதில்லை. அடிப்பகுதிக்குக் கீழே பறந்து, காற்று மேலே இழுக்கும் இடத்தைத் தேடிக் குழலைப் பற்றவைப்பார். இழுப்பு லேசாக இருந்தால் ஒன்றிரண்டு, பலமாக இருந்தால் இன்னும் சில. உப்புத் துகள் ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகும்; அது விழும் வழியில் சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொள்ளும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் வேண்டும்.

மேகத்தில் தூவும் இன்னொரு பொருளான சில்வர் அயோடைடு வேறு வகை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் கிடக்கும் தண்ணீரை அது பனிக்கட்டியாக்கும். வெதுவெதுப்பான மேகத்தில் அதனால் பயனில்லை.

கெட்டுப்போக வழிகள் நிறைய. மேகம் அடங்கத் தொடங்கிய பிறகு பற்றவைத்தால் இறங்கு காற்று உப்பைக் கீழேயே தள்ளிவிடும். துகள் மிகப் பொடியாக இருந்தால் ஏராளமான சின்னத் துளிகள் ஈரத்தைப் பங்குபோட்டு, ஒன்றுமே வளராது. எல்லாம் சரியாக அமைந்தும், கீழே காற்று வறண்டிருந்தால் மழை தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். பாலைவனத்தில் இது அடிக்கடி நடப்பது.

2024 ஏப்ரல் வெள்ளத்துக்கும் இதுதான் காரணம் என்று நம் ஊரில் பேசினார்களாம். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. இத்தனை பெரிய தண்ணீரை உப்புக் குழல் கொண்டுவராது. அது வளைகுடா முழுக்கப் பரவிய பெரும்புயல். அப்போது விதைப்பு எதுவும் செய்யவில்லை என்று வானிலை மையமும் சொல்லிவிட்டது.

சினையே பிடிக்காத பசுவுக்குப் பேறுகாலம் பார்க்க முடியுமா? மேகம் இல்லாத இடத்தில் இந்த வித்தை செல்லாது. மார்ச்சில் சேர்வராயன் மலை மேல் வானம் பெரும்பாலும் வெறிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் இடிமேகம் திரண்டாலும், விதைத்த மழையைக் காற்று எந்தப் பள்ளத்தாக்கில் போடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் சோலாப்பூரில் 276 மேகங்களை எடுத்து, சிலவற்றில் விதைத்தும் சிலவற்றை விட்டும் ஒப்பிட்டது. சராசரியாக 18 சதவீதம் கூடுதல், அதுவும் மழைக்காலத்து மேகங்களில். பூ மழைக்கு அது எந்த மூலைக்கு?

மேகத்துக்குச் செய்ய நினைக்கும் செலவில் தோட்டத்தில் ஒரு தண்ணீர்க் குட்டை வெட்டுங்கள். பூவுக்கு ஒரே தடவையில் 25 மில்லிமீட்டராவது வேண்டும். ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். ஸ்பிரிங்க்ளரைப் பாதியில் நிறுத்திவிட்டால், அரைகுறையாகக் கிளம்பிய மொட்டு கருகிவிடும். பூத்த பின் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு தண்ணீர். ஐந்து ஏக்கருக்கு இரண்டு தடவைக்கும் சேர்த்துப் பத்து லட்சம் லிட்டர்: 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம். கரை சாய்வாக வரும், மார்ச்சுக்குள் ஆவியும் போகும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி அடியில் ஷீட் விரியுங்கள். ஐப்பசி மழையில் நிரம்ப வேண்டும். வாய்க்கால் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்