ஃபேனும் பேனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகுப்பறையையும் கைப்பேசியையும் கலந்து நடத்தும் கலப்புமுறைக் கற்பித்தல் வந்துவிட்டதாம். ஆங்கில உச்சரிப்பை இனிச் செயலியே பார்த்துக்கொள்ளுமாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினால் போதுமாம். அரசுப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கைதட்டினால் போதும் என்று தெரியாமல் இத்தனை காலம் தொண்டை வறளக் கத்திவிட்டேன். இப்போதாவது சொன்னீர்களே, நன்றி.

போன மாதம் என் பேத்தி கைப்பேசியிடம் ‘வெஸ்ட்’ சொல்லிக்கொண்டிருந்தாள், மேற்குத் திசை. ஏழு தடவை சொன்னாள். ஏழு தடவையும் சிவப்புப் பெருக்கல் குறி. ‘மறுபடி முயற்சி செய்’ என்றதே தவிர, எங்கே தப்பு என்று அது வாயைத் திறக்கவில்லை. அவள் வாயில் வந்ததோ பனியனைக் குறிக்கும் ‘வெஸ்ட்’. “மேல்பல்லை உதட்டில் படவிடாதே, அடுப்பு ஊதுகிற மாதிரி வாயைக் குவி” என்றேன். இரண்டாவது தடவையே பச்சை டிக். பல்லும் இதழும் இயைந்தால் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லிவிட்டார், தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பல்லை விலக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இயந்திரத்துக்கு நான் விரோதி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. பிள்ளைகள் கைபட்டால் கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டியபடியே கெட்டது. பிறகு கணினி ஆய்வகம் வந்தது. பாதி ஹெட்போன்களில் ஒரு காதுதான் கேட்கும். 2021-ல் பள்ளி திறந்தபோது எல்லோர் முகத்திலும் கவசம். ‘எஃப்’ ஓசைக்கு உதட்டைக் காட்ட வழியில்லை. வீட்டில் என் வாயை நானே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் (என் மகன் இன்னும் சிரிக்கிறான்). பிள்ளைகள் இரவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கவசம் கழன்றதும் வகுப்பில் ஆளுக்கொரு காகிதத் துண்டை உதட்டுக்கு நேரே பிடித்து, குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ (pin) சொல்லச் சொன்னேன். ஆங்கிலப் ‘பி’ காற்றோடு வெடித்தால் காகிதம் ஆடும். நம் பகரத்துக்கு அசையாது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் “டீச்சர், ஆடுது!” என்று எழுந்தே நின்றுவிட்டான். கலப்புமுறை என்று அப்போது எங்களுக்குப் பெயர் தெரியாது.

ஆனால் 45 பேர், 40 நிமிடம். ஆளுக்கு ஒரு தடவை காகிதம் ஆடுவதற்குள் மணி அடித்துவிடும். பொதுத்தேர்வோ எழுத்துத் தேர்வு. மாணவர் வாயைத் திறக்கவே வேண்டாம். இதெல்லாம் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. வகுப்பில் தலையைக் குறையுங்கள் என்று எழுதினால் கசக்கும்; செயலி என்றால் இனிக்கிறது.

போகட்டும். உங்கள் வாராந்திர ஆங்கிலப் பகுதியில் மின்விசிறிக்கு உச்சரிப்பு ‘பேன்’ என்றே அச்சாகிறது. தலைக்கு மேலே சுற்றுவதா, தலைக்குள் ஊர்வதா? மிருகக்காட்சிசாலைக்கு ‘ஜூ’; ‘இசட்’ ஓசை ‘ஜே’ ஓசையாகிவிடுகிறது. அதை மனப்பாடம் செய்த பிள்ளைகளின் நாக்கைத் திருப்ப எனக்கு ஒரு பருவமே போயிருக்கிறது. 2017-ல் ஒரு அஞ்சலட்டை போட்டேன், 2019-ல் இன்னொன்று. பதில் இல்லை.

நாக்கையும் பல்லையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் தயவுசெய்து அந்தப் ‘பேனு’க்கு முன்னால் ஓர் ஆய்த எழுத்து சேர்த்து அச்சிட வேண்டும். மூன்று புள்ளிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி.