டொபீகா பயணமும் திரும்பி வராத படிவங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவமும் நல்லபடியாக முடிகிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது, குறள் ஒப்பித்தலில் பிள்ளைகள் பரிசுகளை அள்ளினார்கள், தேர்வு முடிவுகளும் திருப்தி. உழைத்த அனைவருக்கும் நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் நிலைக்கு மேற்பட்ட பிள்ளைகளை மே மாதம் கான்சஸ் மாநிலத் தலைநகர் டொபீகாவில், ஒரு காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பிரித்து வைத்திருந்த மன்றோ பள்ளிக்கு அழைத்துச் செல்கிறோம். ஒப்புதல் படிவங்களில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. வந்த ஒன்றின் ஓரத்தில், "இது கறுப்பர், வெள்ளையர் சமாச்சாரம். தமிழ்ப் பள்ளிக்கு எதற்கு?" என்று எழுதியிருந்தது. மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கேட்டதற்கு மகிழ்ச்சி.

வசதி சமமாக இருந்தால் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பதில் தவறில்லை என்று 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு ரயில் பெட்டியைப் பற்றியது. தீர்ப்போ பள்ளிக்கூடம் வரை நீண்டது. 1924இல் மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊரில் மார்த்தா லம் என்ற சீனச் சிறுமி, பள்ளி திறந்த அன்று வகுப்பில் உட்கார்ந்தாள். மதிய இடைவேளையில், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். (சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்ல எப்படி வாய் வந்ததோ!) மளிகைக் கடை வைத்திருந்த தந்தை வழக்குப் போட்டார். பிரிப்பதே தவறு என்று அவர் வாதாடவில்லை; என் மகள் கறுப்பினத்தவள் அல்ல என்றார். எடுபடவில்லை. வெள்ளையர் அல்லாதவர் எல்லாரும் ஒரே கணக்கு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடித்துவிட்டது. நம் பிள்ளைகளை எந்த வாசலுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை மாற்றியது பிரவுன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தந்த 1954 மே 17 தீர்ப்பு. டொபீகாவில் வழக்காடியவர்கள் பதின்மூன்று கறுப்பினப் பெற்றோர். வீட்டருகே வெள்ளையர் பள்ளி இருந்தும், அவர்களில் ஒருவரின் மகள் லிண்டா பிரவுன் பஸ் பிடித்து மன்றோவுக்குப் போனாள். மன்றோ ஒன்றும் ஒழுகும் கொட்டகை அல்ல, நல்ல செங்கல் கட்டடம். ஆனாலும் பிரித்து வைப்பதே சமமின்மை என்றார்கள் ஒன்பது நீதிபதிகளும்.

கண்டிப்பாகவே சொல்கிறேன்: அனுப்ப விருப்பமில்லை என்றால் படிவத்தில் எழுதிவிடுங்கள். முந்தின இரவு "காய்ச்சல்" என்று வாட்ஸ்அப் செய்தி வேண்டாம். பஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாயிற்று.

வேலை, வீடு, நீச்சல் வகுப்பு என்று அலைந்தும் வாரந்தவறாமல் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறீர்கள். அதை நான் மறக்கவில்லை. புளிசாதம் கட்டித்தர முன்வந்த இரண்டு குடும்பங்களுக்கும் தனி நன்றி. படிவங்கள் வரும் ஞாயிறுக்குள் வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை